பின்னேர வகுப்புகளும் சனிக்கிழமைப் பிள்ளைகளும்

சென்ற மாதம் ரொறொன்ரோவில் வாழும் என் மகள் தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமாக நலம் விசாரித்ததும் பேத்தியிடம் தொலைபேசியைக் கொடுத்துவிடுவாள். அன்று அவ்வாறு செய்யவில்லை. "அப்பா, ஒரு யோசனை சொல்லுங்கோ" என்றாள். ஏழு வயதுப் பேத்திக்கு அடுத்த பருவத்துக்கான வகுப்புகளைப் பதிய வேண்டுமாம். சனிக்கிழமை காலையில் தமிழ், அது முடிந்ததும் பரதநாட்டியம், பிற்பகலில் நீச்சல், ஞாயிற்றுக்கிழமை வாய்ப்பாட்டு, வார நாட்களில் இரண்டு பின்னேரங்கள் குமோன் கணிதம். இவற்றோடு வயலினையும் சேர்க்கலாமா, அல்லது ஏதேனும் ஒன்றை விட்டுவிடலாமா, விடுவதென்றால் எதை விடுவது என்பது அவளது கேள்வி.

அமைச்சர்களுக்கும் கட்சித் தலைவர்களுக்கும் நாள்தோறும் ஆலோசனை கூறி ஆசிரியத் தலையங்கம் எழுதிப் பழகியவன் நான். ஆயினும் இந்தக் கேள்விக்கு உடனடியாக என்னால் விடை கூற முடியவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டேன். அந்த இரண்டு நாட்களிலும் நினைவுக்கு வந்தவற்றையும் பழைய நூல்களில் புரட்டிப் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

வார இறுதி வகுப்பு என்பது வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்காகத் தோன்றிய ஒன்றன்று. இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் 1780ஆம் ஆண்டில் றொபேட் றெயிக்ஸ் என்பவர் ஞாயிறு பாடசாலையைத் தொடங்கினார். அவரும் ஒரு பத்திரிகைக்காரர். அந்நகரின் வாரப் பத்திரிகையை நடத்தியவர் என்பதை வாசித்தபோது எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது. அந்நகரிலே குண்டூசித் தொழிற்சாலைகளில் சிறுவர்கள் வாரத்தில் ஆறு நாட்களும் வேலை செய்தனர். அவர்களுக்கு எஞ்சியிருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அந்த ஒரு நாளில் அவர்களுக்கு எழுத்தும் வேதாகமமும் கற்பிப்பதே றெயிக்சின் நோக்கம். பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைக்குக் கிடைத்த பள்ளிக்கூடமாகவே அது இருந்தது.

ஞாயிறு பாடசாலை முறை மிஷனரிமாருடன் இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1816இல் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்வி நிலையங்களை நிறுவியதை வாசகர்கள் அறிவர். 1880இல் இலங்கைக்கு வந்த கேணல் ஒல்கொட், கிறிஸ்தவர்களின் அந்த முறையையே பின்பற்றிப் பௌத்தப் பிள்ளைகளுக்கும் ஞாயிறு பாடசாலைகளை ஊக்குவித்தார். பிற்காலத்தில் நம்மவரின் சைவ அறநெறிப் பாடசாலைகளும் இதே வழியில் வந்தவைதாம். ஒருவர் மற்றவரை எதிர்த்துக்கொண்டே அவரது கால அட்டவணையை எடுத்துக்கொண்டனர்.

யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்னரும் மாலை நேரம் வெறுமையாக இருக்கவில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகினர். விஜயதசமியன்று ஏடு தொடக்கினர். கோவில் மண்டபங்களில் புராணபடனம் நடந்தது. ஒருவர் பாட்டை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்ல, பிள்ளைகள் பெரியவர்களின் மடியில் இருந்து கேட்டனர். ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தம் முதலாவது பிரசங்கத்தை நிகழ்த்தினார். அடுத்த ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் எழுதிய பாலபாடங்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கைகளில் இருந்தன. இந்தப் பழைய ஏற்பாட்டை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. திண்ணையில் ஏற முடியாத சாதிகளின் பிள்ளைகள் இருந்தனர். கோவில் மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்டவர்களும் இருந்தனர். பெண்பிள்ளைகளில் எழுத்தறிந்தவர் சிலரே.

மாலை வகுப்பு என்று நாம் இன்று சொல்வதன் வேர் இவற்றுள் எதிலும் இல்லை. அது ஒரு பரீட்சையில் இருக்கிறது. அந்தப் பரீட்சையோ மிக நல்ல நோக்கத்தோடு பிறந்தது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர். பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தது அவரது முயற்சியால். ஆனால் கட்டணத்தை நீக்கினால் மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நல்ல பாடசாலைகள் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணப் பட்டினத்திலும் இருந்தன. கிராமத்துப் பிள்ளை அங்கே எப்படிப் போவது? எனவே கிராமப்புறங்களிலேயே விடுதி வசதியுடன் மத்திய பாடசாலைகளை அவர் நிறுவினார். 1941இல் தம் சொந்தத் தொகுதியான மத்துகமவில் முதலாவதைத் தொடங்கினார். கிராமப் பாடசாலைகளில் ஐந்தாம் வகுப்பில் பயிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்களை இந்த மத்திய பாடசாலைகளில் அரசாங்கச் செலவில் தங்கவைத்துப் படிப்பிக்கவே புலமைப்பரிசில் பரீட்சை ஏற்பட்டது. கிழக்கில் வந்தாறுமூலை மத்திய பாடசாலையில் அவ்வாறு தங்கிப் படித்த வயல்காரப் பிள்ளைகள் பலர் பின்னாளில் ஆசிரியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் விளங்கினர். அந்தப் பாடசாலை வளவிலேதான் பின்னர், 1981இல், பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. இன்றைய கிழக்குப் பல்கலைக்கழகம் அதுவே.

நான் 1960இல் அந்தப் பரீட்சைக்குத் தோற்றினேன். எங்கள் கிராமப் பாடசாலையில் அதற்கென்று தனி வகுப்பு இருக்கவில்லை. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தலைமை வாத்தியார் எங்களில் ஐந்து பேரைத் தெரிந்து, பின்னேரத்தில் தமது வீட்டு விறாந்தைக்கு வரச் சொன்னார். பழைய வாங்கு ஒன்று, அரிக்கன் லாம்பு ஒன்று. காசு வாங்கவில்லை, வாங்குவது பற்றி அவர் நினைத்திருக்கவும் மாட்டார். ஆறு மணிக்கு அவரது மனைவி தேநீரும் பனங்கட்டித் துண்டும் தருவார். சொல்வது எழுதுதல், மனக்கணக்கு, கொஞ்சம் நாட்டு நடப்பு. அவ்வளவுதான். ஐவரில் ஒருவன் சித்தியடைந்தான். அது நான் அல்ல. சுருட்டுக் கொட்டிலில் கூலிக்குச் சுருட்டுச் சுற்றியவரின் மகன் அவன். தகரப் பெட்டி ஒன்றுடன் அவன் மத்திய கல்லூரி விடுதிக்குப் புறப்பட்ட காலையில் ஊரே ஒழுங்கையில் நின்றது. பின்னாளில் அவன் நீர்ப்பாசனப் பொறியியலாளராகி வன்னியின் குளங்களில் வேலை செய்தான். கன்னங்கராவின் எண்ணம் எங்கள் ஒழுங்கையில் ஈடேறியது என்று நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன்.

அந்த விறாந்தை எவ்வாறு கட்டணம் அறவிடும் மண்டபமாக மாறியது? இதற்கு ஒரு காரணம் மட்டும் கூறிவிட முடியாது. எனினும் வடக்கைப் பொறுத்தவரை 1971ஐத் தவிர்த்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அவ்வாண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத் துறைக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகளும் தேவைப்பட்டன. தரப்படுத்தல் என்ற சொல் அப்போதுதான் எங்கள் வீடுகளுக்குள் புகுந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அது மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு ஓரளவு வழி திறந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் யாழ்ப்பாணத்துத் தாய் தந்தையருக்குக் கேட்டது ஒன்றுதான்: இனிப் படித்தால் மட்டும் போதாது, மற்றவனைவிடக் கூடப் படிக்க வேண்டும். ரியூட்டரிகள் பெருகின. முதலில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு. பின்னர் சாதாரண தரத்துக்கு. கடைசியில் ஐந்தாம் ஆண்டுக்கு. வெள்ளம் மேலிருந்து கீழே வருவதுபோல் அந்த அச்சமும் கீழே இறங்கி வந்து சிறு பிள்ளைகளை அடைந்தது.

போர் அதனை நிறுத்தவில்லை. 1995இன் தொடக்கத்தில் போர்நிறுத்தம் நிலவிய சில மாதங்களுக்குள் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் சென்றேன். மின்சாரம் இல்லாமற் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர்ப் பத்திரிகைகள் கொப்பித் தாள்களில் அச்சாகிக்கொண்டிருந்தன. பொழுது சாயும் நேரத்தில் ஒரு கிடுகுக் கொட்டிலின் முன்னே நூற்றுக்கு மேற்பட்ட சைக்கிள்கள் வரிசையாக நின்றன. உள்ளே ஒரே அமைதி. கரும்பலகையின் இரு புறமும் இரண்டு குப்பி விளக்குகள். பின் வாங்குகளில் இருந்தவர்கள் பத்து வயதுப் பிள்ளைகள். பதுங்கு குழி எங்கே என்று கேட்டேன். ஒரு சிறுமி கையை நீட்டிக் காட்டிவிட்டு உடனே கொப்பிக்குத் திரும்பினாள். நிலம், வீடு, நகை எல்லாம் ஒரே இரவில் போய்விடலாம் என்று அறிந்திருந்த பெற்றோருக்கு, பிள்ளையின் தலைக்குள் இருப்பதை எவரும் பறிக்க முடியாது என்பது கடைசி நம்பிக்கையாக இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, தலையில் சுமந்த மூட்டைகளுக்குள் பாடக் கொப்பிகளும் இருந்தன. அந்தக் காலத்து ரியூசனைக் கேலி செய்வோரோடு என்னால் சேர முடிவதில்லை.

ஆனால் கொழும்பில் நாங்கள் செய்தது வேறு. இங்கே என் பங்கையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

1990களில் நான் பணியாற்றிய பத்திரிகையில் வாரந்தோறும் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வெளியிடும் யோசனையை ஆசிரியபீடத்தில் முன்வைத்தவன் நான். முதலில் கால் பக்கம், பின் அரைப் பக்கம், பிறகு தனி இணைப்பு. பரீட்சை நெருங்கும் மாதங்களில் விற்பனை ஏறியது. விநியோகப் பகுதியினர் என்னைக் கண்டால் புன்னகைத்தனர். பாடசாலையும் ரியூசனும் எட்டாத தோட்டப்புறப் பிள்ளைக்கு ஐந்து ரூபாவில் ஓர் ஆசிரியரை அனுப்புகிறோம் என்று நான் வாதாடினேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. லயன் அறைகளிலிருந்து, கோணல் எழுத்தில் விடை எழுதி அனுப்பிய பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு வந்தன. ஆனால் பட்டினத்து வீடுகளில் அதே வினாத்தாளை வெட்டி ஒட்டி, மணிக்கூட்டை முன்னே வைத்து, பிள்ளையை இருத்தியதும் எங்கள் கைங்கரியமே.

என் வீட்டிலும் அதுவே நடந்தது. மகளை மூன்றாம் ஆண்டிலேயே வகுப்புக்கு அனுப்பினேன். நாலாம் ஆண்டில் இரண்டு வகுப்புகள். ஐந்தாம் ஆண்டில் மூன்று. அவள் அப்போது விரும்பிக் கற்றுக்கொண்டிருந்தது வீணை. பரீட்சை முடிந்ததும் தொடரலாம் என்று அதை நிறுத்தினோம். 1993இல் பரீட்சைக்குத் தோற்றினாள். வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளிகள் குறைவு. பெறுபேறு வந்த இரவு நான் அவளுடன் பேசவில்லை. ஏசவில்லை, அடிக்கவில்லை, பேசவில்லை, அவ்வளவே. அது மூன்று நாட்கள் நீடித்தது என்று சென்ற மாதத் தொலைபேசி உரையாடலில் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓர் இரவு என்றே நான் இதுவரை எண்ணியிருந்தேன். வீணை மறுபடியும் வெளியே எடுக்கப்படவில்லை.

பரீட்சையோ தன் தொடக்க நோக்கத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 15 அன்று மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதற்குத் தோற்றினர். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர். முதலாவது வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்னரே வெளியாகியிருந்தமை தெரியவந்து, பத்து வயதுப் பிள்ளைகளின் விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி வழங்குவதென டிசம்பர் 31இல் முடிவாயிற்று. வறிய பிள்ளைக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்த உதவிப்பணம் அதுவரை 750 ரூபா. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே 1,500 ஆக உயர்ந்தது. அந்த 750 ரூபாவை வெல்வதற்காகப் பெற்றோர் ஒவ்வொரு மாதமும் வகுப்புகளுக்கு எவ்வளவு செலவிட்டனர் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சுருட்டுத் தொழிலாளியின் மகனுக்காகத் திறந்த கதவின் முன்னே இப்போது கட்டணச் சீட்டு விற்கப்படுகிறது.

பாட்டும் நடனமும் இதற்கு மாறானவை, அவையேனும் பிள்ளைக்கு இளைப்பாற இடந்தரும் என்று சிலர் கூறுவர். அங்கும் பரீட்சை வந்து வெகுகாலம். வட இலங்கைச் சங்கீத சபை 1931இல் தோன்றியது. தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, இறுதியில் ஆசிரியர் தரம் வரை பட்டம் வழங்கும் அதன் முறை செய்த நன்மை பெரியது. அதுவரை இசை என்பது பெரும்பாலும் நாதஸ்வர, தவில் கலைஞர் குடும்பங்களின் வாழ்வாக இருந்தது. அவர்களது இசையைக் கோவில் வீதியில் இரவிரவாக இருந்து இரசித்த அதே மக்கள், தம் வீட்டுப் பெண்பிள்ளை பாடக் கற்பதை விரும்பவில்லை. கையில் ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்றதும் மனம் மாறிற்று. பாட்டு வாத்தியார் வேலையும் பாடசாலைகளில் உண்டாயிற்று. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி எழுந்தது. சித்தூர் சுப்பிரமணியபிள்ளை அதன் முதல்வராக வந்தார். பின்னர் மகாராஜபுரம் சந்தானமும் அப்பதவியில் இருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தகைய வித்துவான்களிடம் நேரே பாடம் கேட்டனர் என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் அதே தரப் பரீட்சைதான் "பிள்ளை எத்தனையாம் தரம் முடித்துவிட்டாள்?" என்ற கேள்வியையும் கலியாண வீடுகளில் உலவ விட்டது. பிள்ளை என்ன பாடுவாள் என்று எவரும் கேட்பதில்லை.

இவை யாவும் புலம்பெயர்ந்தோரின் பெட்டிகளோடு விமானம் ஏறின. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1977இலேயே மரபுமொழி வகுப்புகளுக்கு அரச ஆதரவு வழங்கத் தொடங்கியிருந்தது. இத்தாலியரும் போர்த்துக்கேயரும் உக்ரேனியரும் பயன்படுத்திய அந்த ஏற்பாடு, 1980களில் வந்திறங்கிய நம்மவருக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பாகக் கைகொடுத்தது. லண்டனிலும் சுவிஸிலும் ஜேர்மனியிலும் நம்மவர்களே வாடகைக் கட்டடங்களில் தமிழ்ப் பாடசாலைகளை நடத்தினர். பனியில் பேருந்து பிடித்துப் போய், ஊதியமின்றிப் படிப்பித்த ஆசிரியைகளை நான் கண்டிருக்கிறேன். எங்கள் தலைமை வாத்தியாரின் விறாந்தையை அங்கேதான் மீண்டும் பார்த்தேன்.

குமோன் வந்த வழி தனிக்கதை. யப்பானில் தோரு குமோன் என்ற உயர்தரப் பாடசாலைக் கணித ஆசிரியர், இரண்டாம் வகுப்பில் படித்த தம் மகன் குறைந்த புள்ளி வாங்கியதைக் கண்டு மனைவி கவலைப்பட்டதால், 1954இல் நாளுக்கொரு தாளாகக் கணக்குகளை எழுதிக் கொடுத்தார். ஒரு வீட்டின் மேசையில் தந்தை மகனுக்காக எழுதிய தாள்கள் அவை. நான்கு ஆண்டுகளின் பின் அது ஒரு நிறுவனமாயிற்று. இன்று ஸ்காபரோவில் என் பேத்தி அதே வழியில் வந்த தாளை நிரப்புகிறாள். அருகில் இருந்து எழுதிக் கொடுக்கத் தந்தைக்கு நேரமில்லை, அவர் இரண்டு வேலை பார்க்கிறார்.

அரசாங்கங்கள் சட்டத்தால் இதனை அடக்க முயன்றதுண்டு. தென்கொரியாவின் இராணுவ ஆட்சி 1980இல் தனியார் வகுப்புகளைத் தடை செய்தது. அவை மறைவாகத் தொடர்ந்தன. 2000இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தடையே செல்லாது என்றது. சீனா 2021 ஜூலையில் இலாபநோக்குடைய பாட வகுப்புகளுக்கும் வார இறுதி வகுப்புகளுக்கும் கடும் தடை விதித்தது. யாழ்ப்பாணத்திலும் ஞாயிறு காலையையாவது அறநெறிக்கு விடுங்கள் என்ற கோரிக்கை அண்மைய ஆண்டுகளில் வலுத்துள்ளது. ஒரு வகுப்பை இன்னொரு வகுப்புக்காக நிறுத்தும் கோரிக்கைதான் அது; விளையாட்டுக்காக ஞாயிறை விடச் சொன்னவர்களை நான் அதிகம் காணவில்லை.

இரண்டு நாள் தவணை முடிந்ததும் மகளுக்கு நானே அழைப்பு எடுத்தேன். முதலில் பேத்தியிடம் கேட்டேன்: "சனிக்கிழமையில உங்களுக்கு எது நல்ல விருப்பம்?" நடனம் என்பாள், அல்லது நீச்சல் என்பாள் என எதிர்பார்த்தேன். சற்று யோசித்துவிட்டு, "காருக்குள்ள சாப்பிடுறது, அம்மப்பா" என்றாள். தமிழ் வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் இடையே அரை மணி நேரம் இருக்கிறதாம். தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டுத் தாயும் மகளும் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக் கதைத்துக்கொண்டே சாப்பிடுவார்களாம். அம்மா அந்த நேரத்தில் தொலைபேசியைப் பார்ப்பதில்லையாம்.

மகளிடம் நான் சொன்னது இதுதான். தமிழ் வகுப்பை விட வேண்டாம். அது வீட்டில் பேசும் பேச்சோடு சேர்ந்தால் நிலைக்கும், இல்லாவிட்டால் அதுவும் ஒரு தரப் பரீட்சையாகிப் போகும். மற்றவற்றில் ஒன்றைப் பிள்ளையே தெரியட்டும். எந்த வகுப்பையும் சேர்க்கும் முன், அடுத்த பரீட்சை இல்லாவிட்டாலும் இதைப் பிள்ளைக்குப் படிப்பிப்போமா என்று உங்களிருவரையும் கேட்டுப் பாருங்கள். சனி பிற்பகலை வெறுமையாக விடுங்கள். மறுமுனையில் சில கணம் பேச்சில்லை. "1993இல் உங்களுக்கு இதெல்லாம் தெரியாதோ, அப்பா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். தெரிந்திருந்தும் பயந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

வயலினுக்குப் பெயர் கொடுக்கவில்லை. நீச்சல் கனடாவில் அவசியம் என்பதால் தொடர்கிறது. அதில் எனக்கும் உடன்பாடே. குமோனை விடுவது பற்றி மருமகனோடு பேச வேண்டும் என்றாள். மருமகன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தவர்.